பிச்சை இல்லம்மா, விலை

அக்கா,

இன்றைக்கு மல்லாட்டை அவித்தேன். மூடியைத் திறந்ததும் உப்பும் மண்ணும் கலந்த வேர்க்கடலை ஆவி முகத்தில் அடித்தது. நீ பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நம் பெண்பிள்ளைகளுக்கு விழுப்புரத்தில் மறுபடியும் கபடி ஆட்டம் வந்திருக்கிறது. பழக இடம் மட்டும் பள்ளிக்கூடம் கொடுக்கிறது. பஸ் டிக்கெட், சாப்பாடு, முட்டிக்கு மாட்டுகிற உறை எல்லாம் நம் தலையில்தான். டவுன் பஸ்ஸில்தான் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் அது நடக்காது. போன வருஷம் இதையெல்லாம் நீ பார்த்துக்கொண்டாய். நான் உன் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

பனியனுக்காக மினி பஸ் முதலாளியிடம் போய் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? "பொண்ணுங்க முதுகுல உன் பஸ் பேரைப் போட்டுக்கறோம்ண்ணா. உன் வண்டி பாதி நாளு ஷெட்டுல நிக்குது. இவளுங்க டீசல் இல்லாமயே ஓடுவாளுங்க." அவர் சிரித்துவிட்டார். தன் பஸ் நிறத்திலேயே பனியன் எடுத்துக் கொடுத்தார். மஞ்சள்.

அந்த மஞ்சள்தான் மேல்மலையனூரில் நம்மை மாட்டிவிட்டது. அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் மல்லாட்டை விற்கலாம் என்பது உன் யோசனை. பிள்ளைகள் மஞ்சள் பனியனோடு, காலில் செருப்பில்லாமல், ஆளுக்கொரு தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். வேண்டுதலுக்கு மஞ்சள் கட்டிக்கொண்டு மடிப்பிச்சை எடுக்கிறார்கள் என்று சனம் நினைத்துவிட்டது. யாரும் மல்லாட்டையைத் தொடவில்லை. காசைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு கிழவி உன் மகள் தேன்மொழி மடியில் அரிசியே கொட்டினாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, நல்லா சேருது. கம்முனு இரு" என்றேன்.

"அடியே, இது ஆத்தாளுக்குப் போட்டதுடி. இதை வச்சிக்கினு புரோட்டா துன்னா தொண்டையில எறங்குமா?"

எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் உண்டியலில் போட்டாய். திரும்பி வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினாய். "பிச்சை இல்லம்மா, விலை! கபடி ஆடற பொண்ணுங்க! வாங்கிக் கொறிச்சிக்கினே போங்க!" சனம் சிரித்துக்கொண்டே வாங்கியது. கூடை காலி.

விழுப்புரத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அழுதுகொண்டிருந்த பிள்ளைகளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புரோட்டா வாங்கிக் கொடுத்தாய். "தோத்தவளுக்குத்தான்டி பசி அதிகம்" என்றாய்.

இந்த ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவே இல்லை.

போன அமாவாசைக்கு நானே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன். அதே பனியன், அதே தட்டு. சனமும் அதே மாதிரிதான் காசு போட்டது. நீ கத்தினதைக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விழுந்ததை உண்டியலில் போட்டுவிட்டு, மல்லாட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ் முதலாளியிடமும் போனேன். "அக்கா இல்லாம நீ தனியாவாம்மா வந்த?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

நேற்று தேன்மொழி வந்தாள். "சித்தி, நான் விழுப்புரம் வரல. ஒரு ஆளு செலவு மிச்சம்ல?"

"அடிப்போடி! பாடிப் போறதே நீதான். நீ இல்லாம எவ போவா அந்தப் பக்கம்?"

தலையைக் குனிந்துகொண்டாள். "கபடி கபடின்னு பாட ஆரம்பிச்சா மூச்சு தாங்க மாட்டேங்குது சித்தி. பாதியிலயே அழுகை வந்துடுது. அம்மா கோட்டுக்கு வெளிய நின்னு கத்துமே..."

நான் இத்தனை நாளும் காசுதான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. காசு என்றால் நாலு பேர் காலில் விழுந்தாவது கேட்கலாம். இதற்கு யார் வாசலில் போய் நிற்பது? அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

இன்று மயிலம் மலையில் கிருத்திகை. அங்கேயாவது விற்குமா என்றுதான் அவித்தேன். கூடையில் கொட்டும்போதே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தேன்மொழி மட்டும் வரவில்லை.

"அத்தை, தேனு வருதா? நாம விழுப்புரம் போறோமா, இல்லியா?"

"போலாம், போலாம்" என்றேன்.

எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. எப்போதும் நீ சொல்கிற சொல் அது. நீ சொன்னால் எப்படியோ நடந்துவிடும். நான் சொல்லிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.