பயத்துக்கு நான்கு கரண்டி

8 ஜூன் 2009, திங்கள்

நேற்று சர்ச்சில் பாஸ்டர் எனக்காக நன்றி ஜெபம் செய்துவிட்டார். "தம்பிக்குத் தன் ஈரலில் பாதியைக் கொடுக்க முன்வந்த சகோதரி மெட்டில்டாவுக்காக ஸ்தோத்திரம்." நான் எங்கே முன்வந்தேன்? அம்மா முன்வந்தாள், என் ஈரலோடு. எங்கள் பேட்டை திருமுல்கேரியில் பாதிப் பேர் சர்ச் வாசலில் நின்று கைகுலுக்கினார்கள். இனி மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பிளஸ்ஸன் இருபது வருஷம் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டான். நிறுத்தி எட்டு மாதம்தான். மாற்றாவிட்டால் வருஷம் தாண்டாதாம். அம்மாவுக்குச் சர்க்கரை. அவன் மனைவி ரோஸ்லினுக்கு இரண்டு பிள்ளைகள். மிச்சம் நான், நாற்பத்தொரு வயதில் கல்யாணமாகாதவள். "உனக்கென்னடி, புள்ளையா குட்டியா?" என்றாள் அம்மா. பெற்றவள் பேசுகிற பேச்சு!

11 ஜூன்

ஆபீஸ் பஸ்ஸில் மறுபடி மூச்சு முட்டியது. என் வயிற்றைக் கீறுவதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. பாலாநகரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து சீட் சுதர்சன் ஒரு பொட்டலம் கொடுத்தான். கம்பெனி வேலையாக ஆக்லாந்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். காவாவாம். ஃபிஜிப் பக்கத்து வேரின் பொடி, மிளகுக் குடும்பம். அங்கே வட்டமாக உட்கார்ந்து குடிப்பார்களாம், படபடப்பு அடங்குமாம். "பச்சைத் தண்ணில, துணில கட்டி, பத்து நிமிஷம் பிசையணும் மேடம். கொதிக்க வைக்காதீங்க. ஒரு கரண்டி போதும், தினம் வேண்டாம். தண்ணி அடிக்கிறவங்களுக்கு ஆகாது."

நானா தண்ணி அடிக்கிறேன்!

13 ஜூன்

தேங்காய்ப்பால் பிழிகிற துணியில் பிசைந்தேன். சேற்றுத் தண்ணீர் மாதிரி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். நாக்கு மரத்துப்போனது. அரை மணியில் நெஞ்சு அடங்கியது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! அப்பாடா.

24 ஜூன்

தினமும் குடிக்கிறேன். மண்வாடை தாங்காமல் இஞ்சி போட்டுக் கஷாயமாகச் சுண்டக் காய்ச்சிவிட்டேன். வேர் என்றால் காய்ச்சுவதுதானே நம் வீட்டு வழக்கம்? ஒரு கரண்டி நான்காகிவிட்டது. காலையில் மண்டையிடி, அதற்குப் பாராசிட்டமால்.

"என்னடி நாத்தம் அது?" என்றாள் அம்மா. சளிக்குக் கஷாயம் என்றேன்.

6 ஜூலை

பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆயுர்வேதம், மூலிகை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்றேன். பயத்துக்குக் குடிக்கிறேன் என்றால் சர்ச் முழுக்கப் பேசுவார்கள்.

9 ஜூலை

என் ஈரல் சரியில்லையாம். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் இருநூற்றுப் பன்னிரண்டு. "நீங்கள் குடிப்பீர்களா?" என்று டாக்டர் கேட்டார். என்னை! பிளஸ்ஸன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தான். அறைந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். ஈரல் பாதிக்கப்படலாம். மதுவோடோ மருந்துகளோடோ சேர்க்கக் கூடாது. தொடர்ந்து அருந்தக் கூடாது. சாஃப்ட்வேர்க் கையேடுகளில் 'எச்சரிக்கை' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். தூ.

இதையும் எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் எங்கே எழுத? படித்ததும் முதலில் பயம் வரவில்லை. தப்பித்தேன் என்றுதான் வந்தது.

11 ஜூலை

இன்றைக்கும் இரண்டு கரண்டி. தெரிந்தேதான்.

15 ஜூலை

பிளஸ்ஸன் ரத்த வாந்தி எடுத்தான். ஐசியூவில் கிடக்கிறான். மூக்கில் குழாயோடு பார்த்தேன். ஐயோ, என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன்?

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வேர், கஷாயம், நான்கு கரண்டி, மாத்திரை. கெடுத்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். இன்றோடு நிறுத்த வேண்டும், தேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை என் ஈரலை எடுக்கவே முடியாது.

பின்னால் ரோஸ்லின் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "பயமா இருக்குன்னு ஏன் சொல்லல அண்ணி? என் ரத்தமும் ஓ பாசிட்டிவ்தான். நான் குடுத்திருப்பேனே. என்னை யாருமே கேக்கலியே."

2 ஆகஸ்ட், ஞாயிறு

புதன்கிழமை ஆபரேஷன் முடிந்தது. ரோஸ்லின் ஈரலில் பாதி இப்போது அவனிடம். இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். இன்று பாஸ்டர் ரோஸ்லினுக்காக ஜெபித்தார். கைகுலுக்க என்னிடம் யாரும் வரவில்லை. அம்மா வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

12 அக்டோபர்

என் எண் முப்பத்தொன்று. நார்மல். யாரிடம் காட்ட?

20 பிப்ரவரி 2010, சனி

பிளஸ்ஸன் தனியாக வந்தான். ஆபரேஷனுக்குப் பிறகு என்னைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. அவனை மேலும் கீழும் பார்த்தேன்.

"குடிக்கலக்கா, சத்தியமா. ஆனா சாயங்காலமானா நெஞ்சு படபடன்னு அடிக்குது. உன் பொடி மிச்சம் இருக்கா?"

இருந்தது. அலமாரி மேல்தட்டில், பாதிப் பொட்டலம். ஏன் வைத்திருந்தேன்? எனக்கே தெரியாது.

"அறிவிருக்காடா? உள்ள இருக்கிறது ரோஸ்லின் ஈரல்! நக்கோ, வேண்டவே வேண்டாம்!" கத்திக்கொண்டே எடுத்துவந்து சிங்க்கில் கொட்டினேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

அவன் தடுக்கவில்லை. "பத்தாவது படிக்கிறப்பவே இந்தப் படபடப்பு உண்டுக்கா. காலேஜ்ல ஒருத்தன் ஊத்திக் குடுத்தான். நின்னுச்சு. அப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டேன்." தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ பயந்து குடிச்சா மருந்து. நான் பயந்து குடிச்சா குடிகாரன். அப்படித்தானேக்கா?"

எனக்குச் சுரீரென்றது. இருபது வருஷம் அவனைத் திட்டியிருக்கிறேன். எதுக்குடா குடிக்கிறே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இன்றைக்கும் நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னதுதான்.

உட்காரச் சொல்லி டீ போட்டேன். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான்.