இருபத்தோராவது ஆட்டக்காரியிடம் நீ சொன்னது

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் தோசைக்குக் காத்திருந்தேன். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் அமெரிக்க பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அது முந்தைய நாள் மாலை. நமக்குப் பசியாறும் நேரம். அடிப்பவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேச்சர், பந்து வீசுபவனிடம் நடந்து போனான். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். உதட்டசைவை எதிரணி படித்துவிடக் கூடாதாம். தோசை வந்தது. நான் கை வைக்கவில்லை.

நீ ஒருநாளும் வாயை மறைத்ததில்லை. மறைக்கத் தெரியாதவள் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பிறகு, மறைக்க வேண்டியதை வேறு விதமாக மறைக்கத் தெரிந்தவள் என்று நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்போடுதான் பல ஆண்டுகள் உன்னோடு பழகினேன். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. இதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

ஷா ஆலம் தொழிற்சாலையில் நீயும் நானும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ரேடியோவுக்கான சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தியவர்கள். பள்ளியில் பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆடியவர்கள் உண்டா என்று கம்பெனியில் கேட்டபோது இருவரும் ஒன்றாகக் கையைத் தூக்கினோம். நான் பிட்சர், நீ கேச்சர். எந்தப் பந்து வீச வேண்டும் என்று நீ விரல்களால் காட்டுவாய்; நான் வீசுவேன். உன் விரலை நம்பாமல் நான் ஒரு பந்துகூட வீச முடியாது.

எனக்கு ஆடத்தான் பிடிக்கும். உனக்கு அந்த ஆட்டத்தின் கதைகள் பிடிக்கும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய ஆங்கில இதழ்களை மடியில் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாய். எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்துக்கு விடாமல், வந்தவர்கள் அத்தனை பேரையும் வரிசையாக வெளியேற்றினால் அதற்குப் ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்று பெயர். அமெரிக்காவின் இறுதித் தொடரில் அதை ஒரே ஒருவர்தான் செய்திருக்கிறார். அவருடைய கடைசிப் பந்து ஸ்ட்ரைக்தானா, அதாவது அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்ததா என்பதில் இன்றும் சிலருக்குச் சந்தேகம். வெளியே போன பந்து என்று, அடிக்க நின்றவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“ரெக்கார்டுன்னு ஒண்ணு வந்தா சந்தேகமும் கூடவே வரும்டி” என்றாய். பஸ் குலுங்கியதில் இதழ் கீழே விழுந்தது. நாம் இருவரும் சிரித்தோம்.

தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம் கிள்ளானில் நடந்தது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மதியம். திடலின் ஓரமெல்லாம் சேறு. எதிரணி மேருவில் இருந்த ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலை. நம் ஆட்டத்தில் ஏழு சுற்று. சுற்றுக்கு மூன்று பேர் என்று இருபத்தொரு பேரை வெளியேற்ற வேண்டும். ஐந்தாவது சுற்றிலேயே நம் பெண்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பேசினால் ராசி போய்விடும் என்று பயம். நீ மட்டும் வந்து என் கையைத் துடைத்துவிட்டு, “பசிக்குதா?” என்று கேட்டாய்.

இருபது பேர் போய்விட்டார்கள். இருபத்தோராவதாக வந்தவள் தேவகி. அவர்கள் அணியிலேயே பலமாக அடிப்பவள். உன் அண்ணனுக்கு நிச்சயம் செய்யப்பட்டவள். இரண்டு மாதத்தில் கல்யாணம்.

இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது; இன்னும் ஒன்றைத் தவறவிட்டால் அவள் வெளியே. அப்போதுதான் பார்த்தேன். முகமூடிக்குள் உன் உதடு அசைந்தது. தேவகி திரும்பாமலேயே தலையைச் சாய்த்துக் கேட்டாள். உன் பின்னால் நின்ற நடுவர் சீனர்; தமிழ் தெரியாதவர். நீ விரலைக் காட்டினாய்: ஸ்லோ பால். வேகமாக வீசுவது போலவே கையைச் சுழற்றி, பந்தை மட்டும் மெதுவாக விடுவது. எதிரே நிற்பவள் ஏமாறாவிட்டால் அதைவிட எளிதாக அடிக்கக்கூடிய பந்து கிடையாது. அன்று முழுவதும் நாம் அதை வீசவே இல்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். நீ மறுபடியும் அதையே காட்டினாய்.

வீசினேன். பந்து பாதி தூரம் வருவதற்குள்ளேயே தேவகி மட்டையைச் சுழற்றிவிட்டாள். சுழற்றிய வேகத்தில் ஒரு முழங்கால் சேற்றில் ஊன்றியது. பந்து அதற்குப் பிறகுதான் உன் கையுறைக்குள் வந்து விழுந்தது. நீ ஓடி வந்து என்னைத் தூக்கினாய். அந்தப் போட்டியில் அதற்கு முன் யாரும் பெர்ஃபெக்ட் கேம் வீசியதில்லை.

எதிரணிப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. “கேலோங் லா இது! அண்ணியாகப் போறவ இல்ல?”

பேசி வைத்து ஆடும் ஆட்டத்துக்கு நம் ஊரில் அதுதான் சொல். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் பஸ் ஏறும்போது அந்தச் சொல் என்னோடு ஏறிவிட்டது.

“தேவகிகிட்ட என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“ஸ்லோ பால் வருதுன்னு சொன்னேன்.”

“விளையாடாத. உண்மையச் சொல்லு.”

“அதான்டி உண்மை.”

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை நான் எத்தனை முறை பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்! வீசப்போகும் பந்தை எதிரியிடம் எந்த கேச்சராவது சொல்வாளா? அப்படியானால் நீ பொய் சொல்கிறாய். ‘விட்டுக்கொடுங்க அண்ணி’ என்று கெஞ்சியிருக்கிறாய், அதை மறைக்கிறாய். ஒருவேளை நீ சொன்னது உண்மை என்றால் அது இன்னும் மோசம். என் பந்தை நீ காட்டிக்கொடுத்திருக்கிறாய்.

அடுத்த வாரம் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு என்னையும் அழைத்துப் போய், தேவகிக்கு ஒரு பச்சைப் பட்டுப் புடவை எடுத்தாய். கடைக்காரர் இன்னொன்றை விரிக்க, “இல்லண்ணே, இதான் அவங்களுக்கு எடுப்பா இருக்கும்” என்றாய். நாத்தனாராகப் போகிறவள் புடவை எடுத்துக்கொடுப்பது ஊர் வழக்கம். எனக்கோ அது கூலியாகத் தெரிந்தது. கல்யாணத்தில் நீங்கள் இருவரும் காதோடு காதாக ஏதோ பேசிச் சிரித்தபோது நான் பந்தியில் இருந்து பாதியில் எழுந்துவிட்டேன். தலைவலி என்றேன்.

கம்பெனி நுழைவாயிலில் என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். கீழே ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்று எழுதியிருந்தது. தினமும் அதைப் பார்க்காமல் கடந்து போகப் பழகிக்கொண்டேன். அடுத்த ஆண்டு, தோள் வலி என்று சொல்லி ஆட்டத்தை விட்டேன். நீ தைலத்தோடு வீட்டுக்கு வந்தாய். வலிக்காத தோளை உன்னிடம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ தேய்த்துவிட்டாய். எங்கே வலிக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன்: குற்றம் செய்தவள் கேள்வி கேட்க மாட்டாள் என்று.

நாம் பிரியவில்லை. தீபாவளிக்கு நீ வருவாய், உன் மகள் பிறந்தநாளுக்கு நான் வருவேன். கடைசி ஆளில் நடுவர் செய்த தவறால் பெர்ஃபெக்ட் கேமை இழந்த ஒரு பிட்சரின் கதையை ஒருமுறை எனக்கு அனுப்பினாய். தவறு தெரிந்ததும் அந்த நடுவர் அழுதாராம். பிட்சர் அவரைக் கடிந்துகொள்ளவே இல்லையாம். இதை ஏன் எனக்கு அனுப்புகிறாய் என்று யோசித்தேன். மன்னிப்புக் கேட்கிறாயா? ஒரு பெரிய அணி, குப்பைத்தொட்டியைத் தட்டி, வரப்போகும் பந்தைத் தங்கள் ஆட்டக்காரருக்குக் காட்டிக்கொடுத்த செய்தி வெளியானபோது, இந்த முறை நான் உனக்கு அனுப்பினேன். ‘பாத்தியா?’ என்று மட்டும் எழுதினேன். ‘நம்புறவங்களுக்குத்தான் அது உதவும்’ என்று பதில் போட்டாய். மழுப்புகிறாய் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு உன் இதயம் நின்றுபோனது. யாரும் எதிர்பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் மேருவில் உன் அண்ணன் வீட்டில் சடங்கு முடிந்ததும், பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தேவகி அக்காவிடம் போய் நின்றேன். தலை நரைத்திருந்தது. அந்தக் கடைசிப் பந்தைப் பற்றி நான் கேட்டதும் அவர் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

“இத்தன வருஷமா இதையா வச்சிருந்த?”

“சொல்லுங்கக்கா. உங்ககிட்ட என்ன சொன்னா?”

“‘அண்ணி, ஸ்லோ பால் வருது, நிதானமா அடிங்க’ன்னா. கேச்சர் சொல்றத எவ நம்புவா? என்னை மெதுவாச் சுத்த வைக்கப் பாக்குறான்னு நெனச்சேன். வேகமாத்தான் வரும்னு முன்னாடியே சுத்திட்டேன்.” தட்டைத் தண்ணீரில் போட்டார். “முழங்கால் ஒரு மாசம் வலிச்சுச்சு. பச்சைப் புடவையோட வந்தா பாரு, அப்பவும் ரெண்டு வாரம் அவகிட்ட நான் பேசல.”

“ஏன் அப்படிச் சொன்னான்னு கேட்டீங்களா?”

“கல்யாணத்தன்னிக்கே கேட்டேன். அந்த ஆட்டத்துக்கு முன்னாடி ஒருநாள் செலாயாங் பாசாருக்குக் காய் வாங்க என்கூட வந்திருந்தா. நான் ஒவ்வொரு கடையிலயும் தக்காளிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்குறதப் பாத்துக்கிட்டே இருந்தா. ‘உண்மையச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னு அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டேன் அண்ணி’ன்னு என் காதுல சொல்லிச் சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்திருச்சு.”

அப்போதும் என் மனம் என்ன செய்தது தெரியுமா? இருவரும் பேசி வைத்த கதையாக இருக்குமோ என்று ஒரு நொடி யோசித்தது. உனக்குச் சடங்கு செய்த வீட்டில், கண் வீங்கி நிற்கிற ஒரு பெண்ணின் எதிரில் நின்றுகொண்டு அப்படி யோசித்தேன். பிறகுதான் என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது.

“ஒன்கிட்ட அவ சொல்லவே இல்லையா?” என்று அக்கா கேட்டார்.

“சொன்னா.”

“அப்புறம்?”

தண்ணீரில் கிடந்த தட்டை எடுத்து நான் தேய்க்கத் தொடங்கினேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் தோளில் வைத்தார்.

ஒரே மதியத்தில், ஒரே உண்மையை நீ இரண்டு பேரிடம் சொன்னாய். ஒருத்தி நம்ப மாட்டாள் என்று தெரிந்து சொன்னாய். இன்னொருத்தி நம்புவாள் என்று நினைத்துச் சொன்னாய். முதல் கணக்கில் நீ தவறவில்லை. அவளுக்கு ஒரு வீச்சுதான் போனது. கல்யாணத்தன்றே சிரித்து முடித்துவிட்டாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பந்தியில் இருந்து எழுந்து போனேன்.

அந்த ஆட்டம் சுத்தமானது என்று இப்போது எனக்குத் தெரியும். அதில் உன் பங்கு என்னுடையதைவிடப் பெரியது. சேர்ந்து கொண்டாட நீ இல்லை.

சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். நேற்றுகூட என் மகள் போன் செய்து, “அம்மா, ஆபீஸ்ல கூட்டம், கொஞ்சம் லேட்டா வரேன்” என்றாள். யாரோடு கூட்டம் என்ற கேள்வி நாக்கு வரை வந்தது. “சரிம்மா” என்றேன். அவள் ஆச்சரியப்பட்டு, “உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டாள்.

அந்த ஒரு சொல்தான் எனக்கு மிச்சம். பஸ்ஸில், நீ ஜன்னல் பக்கம் திரும்புவதற்கு முன்னால், நான் சொல்லியிருக்க வேண்டிய சொல். உனக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சரிடி. நம்புறேன்.