பயம் அறியாத கவுதாரிகள்

1955, ஐப்பசி 14

ஆடி உழவில் ஏருக்குத் தப்பிய முட்டைகளை வீட்டுக் கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கச் செய்து, கரையான் போட்டு வளர்த்த கவுதாரிகள். இன்று காலை ஒன்பதையும் ராயக்கோட்டை மலையடிப் புதரில் விட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் பக்கத்துக் காட்டு முனியப்பன் ஆறு கவுதாரிகளைக் கால் கட்டித் தூக்கிக்கொண்டு போனான். "கண்ணி கூட வைக்கலண்ணா. சும்மா குந்தியிருந்தேன், தானா வந்து கையக் கொத்துச்சுங்க" என்றான். அவை நான் வளர்த்தவை. அதற்குள் இரண்டின் கழுத்தைத் திருகியிருந்தான்.

பொழுது சாயும்போது மீதி மூன்றும் எங்கள் வாசலில் வந்து நின்றன.

"கூண்டுலயே கெடக்கட்டுமே, பாவம்" என்றாள் என் மனைவி ருக்கு.

"ஆயுசுக்கும் கூண்டுலயா?" என்று கேட்டுவிட்டு ஒரு கல்லை எறிந்தேன். மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்று நான் அவற்றைப் பழக்கவே இல்லை. தீனி என்று நினைத்து, மூன்றும் கல்லை நோக்கி ஓடின.

அடுத்த கல்லைக் குறிபார்த்து எறிந்தேன். ஒன்று சுருண்டது. இரண்டு சிறகடித்து மேட்டுக்கு அப்பால் போய்விட்டன. ருக்கு உள்ளே போனாள்.

விழுந்ததைக் கையில் எடுத்தேன். உயிர் இருந்தது. அப்போதும் அது என்னைக் கண்டு பயப்படவில்லை.