ஒத்தப் படமா, அஞ்சு படமா?

எந் தங்கத் தம்பிக்கு, ஒன் தலையில நாலு குட்டு வைக்கணும் போல இருக்கு. குட்டத் தலையில்ல, அதான் எழுதுறேன்.

ஊரு சனத்தையெல்லாம் நிக்க வச்சுப் படம் புடிச்சியே, ஒன்னைய ஒரு படம் எடுத்து வச்சியாடா? கருமாதிக்கு மாலை போட ஒரு மொகம் இல்ல. ஸ்டூடியோவுல தேடுனா கெடச்சது அஞ்சு படம். சமயநல்லூர்ப் பக்கம் வத்திப்போன கம்மா, நடுவுல ஒத்தக் கருவ மரம். அஞ்சுலயும் அதே கம்மா, அதே மரம். ஆளில்ல, மாடில்ல. இதுக்காடா அம்புட்டு நேரம் வெயில்ல நின்ன?

ஒன் கூட்டாளி சுந்தரம் மூணாவதை மட்டும் பெருசாக்கி, சட்டம் போட்டு ஒன் வீட்டுச் செவுத்துல மாட்டிட்டான். ஒத்தையா ஒரு படம் தொங்குனா நம்ம சனத்துக்கு என்ன? ஒண்ணு சாமி, இல்லாட்டி செத்தவுக. துட்டி கேக்க வந்த பெரியம்மா அதக் கும்புட்டுட்டு, "ஏத்தா, தம்பிய எரிச்ச எடமா இது?"ங்கிறா. எனக்கு வந்துச்சு பாரு ஆங்காரம்!

"அஞ்சையும் மாட்டுப்பா"ன்னேன்.

"அஞ்சு மாட்டுனா கண்ணு ஓடும்க்கா. ஒண்ணுன்னாத்தான் நிக்கும்."

"அழகரு ஒரே மண்டகப்படியில நின்னுக்கிட்டா ஆத்துல எறங்குறது யாரு, நீயா?"

"கருவறையில மூலவர் ஒண்ணுதானக்கா?"

சாமிய வச்சு என்னையவே மடக்குறான், எடுபட்ட பய!

வீம்புக்கு அஞ்சையும் தரையில வரிசையாப் பரப்புனேன். மொதப் படத்துல கீழ ஒண்ணுமில்ல. ரெண்டாவதுல ஓரத்துல லேசாக் கருப்பு. மூணாவதுல அது கொஞ்சம் ஏறியிருக்கு. அதத்தான் சுந்தரம் கறைன்னு வெட்டித் தள்ளிட்டு மாட்டியிருக்கான். நாலாவதுல கேமரா ஸ்டாண்டோட மூணு காலு, நெழலா. அஞ்சாவதுல ஆளோட முழு நெழலு. கேமராவுக்குப் பின்னாடி, இடுப்புல ஒரு கை வச்சுக்கிட்டு, மரத்தடியத் தொட்டுக்கிட்டு. அந்தத் திமிரு எந் தம்பியத் தவிர எவனுக்கு வரும்?

"சுந்தரம், இங்க வா. ஒன் கறைய வந்து பாரு."

குனிஞ்சு பாத்தான். ஸ்டூல இழுத்துப் போட்டு, மாட்டுனதக் கழட்டுனான்.

தெரிஞ்சேதான் நின்னியா? இல்ல, நெழலு விழுந்ததே தெரியலையா? தெரிஞ்சிருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?

மூணாவதை வெட்டாமத் திரும்பப் பிரிண்டு போடச் சொல்லிருக்கேன். அஞ்சும் வரிசையாத் தொங்கும், மாலை கடைசிக்கு மட்டும். மீனாட்சி மேல சத்தியம், நான் இருக்குற மட்டும் அதுல ஒண்ணப் பிரிக்க எவனையும் விட மாட்டேன். கோவம் தீரும்னு மட்டும் நெனைக்காத.

ஒன் பிள்ளைகளுக்கு அத்தை,
ஒனக்கு எப்பவும் அக்கா