எஞ்சினுக்கு மட்டும் குளிர்காலம்

ஜூலை 3

மன்னிக்க வேண்டும், டயர் கடைக்காரரே. டயர் மாற்றிய தேதி குறிக்க நீங்கள் பாபாவுக்குக் கொடுத்த டைரியில் நான் எழுதுகிறேன். அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கோ பேச வாய் வருவதில்லை. எங்காவது கொட்ட வேண்டும்.

மஆன் ஊர் எலெக்ட்ரீஷியன் கல்தூன் இன்று எங்கள் லாரியை ஏமாற்றிவிட்டான். எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் ஒயரை வெட்டி, நடுவே ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிட்டான். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. லாரியின் கம்ப்யூட்டர் ஐந்து என்று நம்புகிறது.

"நக்பு மலை ஏத்தத்துல மூணாவது கியர்ல ஊர்ந்த வண்டி, இப்ப அஞ்சாவதுல பறக்குது!" என்றார் பாபா.

உம்மா விசிறிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு மாட்டிவிடச் சொல்லுங்க. வேர்த்துக் கொட்டுது."

ஜூலை 5

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் ஆக்சிஜன் அதிகம். அதை நம்பி கம்ப்யூட்டர் டீசலைத் தாராளமாக ஊற்றுகிறது. உள்ளே போவதோ பாலைவனத்தின் மெலிந்த காற்று. கொஞ்சம் பலம் கூடும், உண்மைதான். மிச்ச டீசல் கரும்புகையாகும். சூடு ஏறி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ வெந்துபோகும். காற்று சூடு, அடக்கி ஓடு என்று எச்சரிப்பதே அந்த சென்சார்தான். அதன் வாயில் துணி அடைத்திருக்கிறார்கள்.

எஞ்சினியரிங் கல்லூரியில் இந்தப் பாடத்தில் நான் வகுப்பிலேயே முதல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். சாப்பிடும்போது சொல்ல வாயைத் திறந்தேன். ரொட்டியை வைத்து மூடிக்கொண்டேன்.

ஜூலை 8

எங்கள் ஊரில் ஒருவரை 'அபூ', அதாவது இன்னாரின் அப்பன் என்று, மூத்த மகன் பெயரால் கூப்பிடுவார்கள்; பாபாவுக்கு மகன் இல்லை. ஓட்டுநர்கள் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டார்கள்: அபூ துக்கான். புகைக்கு அப்பன். அவருக்கு ஒரே பெருமை. எனக்கு ஒரு தம்பி பிறந்திருக்கிறான், போகும் இடமெல்லாம் நாறிக்கொண்டு.

ஜூலை 11

டர்போ சீட்டியடிக்கிறதாம். சந்தோஷத்தில் என்கிறார்.

ஜூலை 12

"பாபா, அந்த லாரி..."

"லாரிக்கென்ன?"

"...டீக்குச் சக்கரை போதுமா?"

கோழை. பட்டம் வாங்கிய கோழை.

ஜூலை 14

நாளை பாபா அகபா துறைமுகத்திலிருந்து கோதுமை ஏற்றி வருகிறார். முழு லோடு, முழு ஏற்றம். பதினாறு வருடமாக எங்களுக்குச் சோறு போடுவது அந்த ஒரே லாரி.

பாபா மதியத் தொழுகைக்குப் போனதும் கறுப்பு டேப்பைப் பிரித்தேன். ரெசிஸ்டரைக் கழற்றி, ஒயரைப் பழையபடி முறுக்கினேன். முறுக்கு இறுகலாகத்தான் இருந்தது. ரெசிஸ்டர் இப்போது என் பென்சில் டப்பாவில், நான் எடுத்து யாருக்கும் காட்டாத கனரக வாகன ஓட்டுநர் உரிமத்துக்குப் பக்கத்தில்.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூலை 16

"போலியை வித்துட்டான் கல்தூன்!" வாசலிலேயே கத்தினார் பாபா. "மூணாவது கியர்ல ஊர்ந்தேன். வர்றவன் போறவனெல்லாம் ஹாரன் அடிச்சு முந்துறான். கழுதை இருந்தா அதுவும் முந்தியிருக்கும்! நம்மகூட லோடு அடிக்கிற சுவைலிம் வண்டி மட்டும் கடைசி வளைவுல நிக்குது. அவனும் கல்தூன்கிட்டதான் வாங்கினான். டர்போ வெந்து போச்சாம். அவனுக்கு மட்டும் அசல், எனக்குப் போலியா? என்ன அநியாயம்!"

ஸ்பானரோடு கிளம்பினார். கல்தூன் மண்டை உடைந்துவிடும். பென்சில் டப்பாவைத் திறந்து, அவர் டீ கிளாஸ் பக்கத்தில் ரெசிஸ்டரை வைத்தேன்.

"போலி இல்ல பாபா. நான்தான் கழட்டினேன். அது இருந்திருந்தா அந்த வளைவுல நீங்களும் நின்னிருப்பீங்க."

உம்மாவின் விசிறி நின்றது. பாபா ரெசிஸ்டரை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"என் வண்டில, என்னைக் கேக்காம?"

"ஆமா."

ஸ்பானரைக் கீழே வைத்தார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"சக்கரை பத்தல," என்றார்.

ஜூலை 17

காலையில் பாபா போனில் கத்திக்கொண்டிருந்தார்: "ஆமாப்பா, மூணாவது கியர்தான்! எங்க எஞ்சினியர் உத்தரவு. சுவைலிமை வண்டியை இங்கே இழுத்துட்டு வரச் சொல்லு, என் பொண்ணு பார்ப்பா. அப்புறம் இந்த அபூ துக்கான் எல்லாம் இனி வேணாம். அபூ ருபா. ஆமா, பொண்ணு பேருதான்! உனக்கென்ன?"

போனை வைக்கும்வரை நின்றேன். உரிமத்தை அவர் முன்னால் நீட்டினேன். இந்த முறை ரொட்டி எதுவும் கையில் இல்லை.

"பாபா, செவ்வாய்க்கிழமை அகபாவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. நக்பு ஏத்தத்தை நான் ஓட்டட்டுமா? மூணாவது கியர்லதான்."