நட்டக் காசில் வாங்கிய சேட்

அலுமாரிக் கதவைத் திறந்தால் இன்னும் முந்திரிக் கஜு வறுத்த வாசம்தான் வருகிறது. நீ போய் ஒன்றரை வருடமாகிறது. பக்கற்றுகளை என் உடுப்புக்கு நடுவில் அடுக்காதே, வங்கிக்குப் போகிறவன்மேல் வறுத்த வாசம் வீசுகிறது என்று உன்னோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன். "இந்த வீட்டில எலி வராத இடம் இது ஒண்டுதான். வாசத்துக்கு என்ன குறை? சனம் கிட்ட வந்து கதைக்கும்" என்பாய். பக்கற்றுகள் எல்லாம் எப்போதோ விற்றுத் தீர்ந்துவிட்டன. வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன வியாழக்கிழமை காலையில் போட்டுக்கொள்ள ஒழுங்கான ஒரு சேட் கிடைக்கவில்லை. எனக்கு இஸ்திரி போட வராது, உனக்குத் தெரியும். அடியில் கைவிட்டுப் பார்த்தபோது அந்த இளநீலச் சேட் வந்தது. நீ இஸ்திரி போட்டு மடித்து வைத்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. அதை நான்தான் வேண்டுமென்று அடியில் தள்ளி வைத்திருந்தேன். நேரமாகிவிட்டது, வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டு போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

பதினொரு மணியளவில் வங்கியில் என் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பேசாலையில் ஐஸ் பெட்டி வைத்து நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவள். பிரதேச செயலகத்தில் மாதாமாதம் நடந்த சிறுதொழில் வகுப்பில் உன் பக்கத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். அக்காவை அழைப்பதுபோல் உன்னை ராத்தா என்றே கூப்பிட்டவள். உன் ஜனாஸா அன்றும் வந்து வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனவள். கையெழுத்து வைக்கக் குனிந்தவள் நிமிர்ந்து என் சேட்டைப் பார்த்தாள்.

"சேர், இது அந்தச் சேட் எல்லே?"

"எந்தச் சேட்?"

"ராத்தா சொன்னவ. 'நட்டக் காசில என்ட மனிசனுக்கு இளநீலத்தில ஒரு சேட் வாங்கினனான், இனி அவர் என்ட கஜுவைப் பத்தி வாய் திறக்கேலாது' எண்டு. நாங்கள் வகுப்பில சிரிச்ச சிரிப்பு!"

பிறகு அவளே தன் கதையைச் சொன்னாள். டீசல் இல்லாமல் லொறிகள் நின்ற வருடம் அவளுடைய நண்டு முழுவதும் பழுதாய்ப் போயிற்று. வரிப் படிவத்தில் நட்டத்தை எழுத வேண்டாம், ஊருக்குள் வெட்கம் என்று அவள் புருஷன் சொல்லியிருக்கிறான். நீ விடவில்லையாம். "ராத்தா வீட்டுக்கே வந்து அவரோட சண்டை பிடிச்சவ, சேர். எழுதினம். இப்ப வாற லாபத்தில அந்த நட்டத்தைக் கழிச்சுப்போட்டு மிச்சத்துக்குத்தான் வரி கட்டுறம். மாதாவும் ராத்தாவும் செய்த புண்ணியம். உங்களுக்கும் அது நல்ல உதவியாத்தானே இருந்தது?"

"ஓம்" என்றேன்.

உன்னிடம் சொன்ன அதே ஓம். நாக்குப் பழகிவிட்டது.

இந்த மடலை அதற்காகத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராத ஒன்றை இப்போது சொல்ல வந்திருக்கிறேன். வெட்கம்கெட்ட வேலைதான், பொறுத்துக்கொள்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் கஜு உடைக்கப் பழகியவள் நீ. மன்னாருக்குத் திரும்பி வந்து உப்புக்குளத்தில் இந்த வீட்டைக் கட்டி முடித்தபிறகு, கொண்டச்சியில் இருந்து கொட்டை வாங்கி வறுத்துப் பக்கற் போட்டு விற்கப்போகிறேன் என்றாய். சரி என்றேன். ஆனால் வியாபாரப் பதிவை என் பெயரில் போடச் சொன்னேன். வங்கிக்காரன் பெயர் இருந்தால் கடைக்காரன் மதிப்பான் என்று காரணம் சொன்னேன். வேலை முழுவதும் உன்னுடையது, பெயர் மட்டும் என்னுடையது. நீ அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "பேர் ஆருக்கு வேணும், கொட்டை நல்லதா வந்தாச் சரி" என்றாய்.

கொட்டைத் தோலில் இருக்கும் பால் பட்டுப்பட்டு உன் விரல் நுனிகள் கறுத்து உரிந்து கிடக்கும். தேங்காய் எண்ணெய் பூசிச் சாம்பலில் புரட்டிக்கொண்டுதான் உடைப்பாய், அப்படியும் உரியும். பெருநாளுக்கு மருதோன்றி போட்டால் நிறம் பிடிக்க இடமில்லை என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். கலியாண வீடுகளில் என் நண்பர்களின் மனைவிமார் பார்த்துவிடுவார்களே என்று உன் கையை முந்தானைக்குள் வைத்திருக்கச் சொன்னவன் நான். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஒன்றைச் சொல்ல வந்தால் மற்றதும் கூடவே வருகிறது.

இரண்டாவது பருவத்தில் துணிந்து நிறைய மூட்டை வாங்கினாய். பின் அறையில் அடுக்கினோம். கூரைத் தகட்டில் வெடிப்பு இருக்கிறது, மழைக்கு முன் ஆளைக் கூப்பிட்டு அடைத்துத் தாருங்கள் என்று மூன்று தரம் சொன்னாய். பார்ப்போம் பார்ப்போம் என்று நான் இழுத்தேன். மாரி வந்தது. மூட்டைகளின் அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சணம். தெரியாமல் அனுப்பிய பக்கற்றுகள் கடைகளில் இருந்து திரும்பி வந்தன. நீ ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே எழும்பிவிட்டாய். சிறுதொழில் வகுப்பில் எழுதி வந்த கொப்பியைக் கொண்டுவந்து எனக்கு வாசித்தாய். நட்டத்தை அந்த வருடப் படிவத்தில் எழுதிவிட்டால், பின்னால் வரும் வியாபார லாபத்தில் ஆறு வருடம் வரைக்கும் அதைக் கழிக்கலாம். எழுதாவிட்டால் ஒன்றுமில்லை. "பாருங்கோ, நட்டமும் சும்மா போறேல்ல. எழுதினா அதுவும் வேலை செய்யும்." எனக்குச் சிரிப்பு வந்தது. வங்கியில் கடன் பிரிவில் இருபது வருடம் இருந்தவனுக்கு நீ வகுப்பு எடுத்தாய்.

வரவு செலவு முழுவதையும் ஒரு புதுக் கொப்பியில் அழகாகப் படியெடுத்தாய். பற்றுச்சீட்டுகளை மாத ஒழுங்கில் அடுக்கி நூலால் கட்டினாய். கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி இரண்டு கோடு இழுத்தாய்: நட்டம், இரண்டு இலட்சத்துப் பதினெட்டாயிரம். அதை என் பைக்குள் நீதான் வைத்தாய்.

எங்கள் கிளையில் வருடத்தில் ஒரு நாள் வவுனியாவில் இருந்து ஒரு கணக்காளர் வந்து எல்லோருடைய வரிப் படிவத்தையும் நிரப்பிக் கொடுப்பார். சாப்பாட்டு அறை மேசையில்தான் நடக்கும். சுற்றிவரக் கதிரை போட்டு எல்லோரும் இருப்போம், தேத்தண்ணி வரும், ஒருவர் கதையை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்போம். அவருக்குக் குரல் வேறு பெரிது. அன்றைக்கு எனக்கு முன்னால் இருந்தவர் கோழி வளர்த்து நட்டப்பட்டவர். "கோழி திண்டது போக மிச்சம் என்ன சேர்?" என்று யாரோ கேட்க, மேசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தேன்.

அடுத்தது நான். "சேர், உங்கட கஜு யாவாரம் எப்பிடி? லாபமா நட்டமா?"

கொப்பி பைக்குள் இருந்தது. என் முழங்காலில் அது முட்டிக்கொண்டிருந்தது. எத்தனை மீன்காரரை, எத்தனை கடைக்காரரை என் மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, "நட்டமா? கணக்கை ஒழுங்கா வச்சா ஏன் நட்டம் வருது?" என்று கேட்டிருப்பேன். அப்படிக் கேட்கிறவன் வீட்டிலேயே நட்டம் என்று தெரிந்தால்? அதுவும் பெண்சாதியின் கஜுவில்?

"சின்ன லாபம்தான்" என்றேன். வாயில் வந்த ஒரு தொகையைச் சொன்னேன். அவர் எழுதினார். அந்த இல்லாத லாபத்துக்கு வரியும் கட்டினேன். மன்னாரில் நட்டத்துக்கு வரி கட்டிய மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது நீ வாசல் படலையிலேயே நின்றாய். "போட்டாச்சோ?"

"ஓம், போட்டாச்சு."

"முழுக்கவும்?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நீ சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் திரும்பவும் தொடங்கினாய். கூரையை நீயே ஆள் பிடித்து அடைப்பித்தாய். குறைவாக வாங்கினாய், வெயிலில் கூடுதலாகக் காய வைத்தாய். அடுத்த வருடம் உண்மையிலேயே லாபம் வந்தது. படிவம் நிரப்பும் நாள் வந்ததும், "இந்தமுறை என்ட நட்டத்தைக் கழிச்சு எவ்வளவு மிச்சம் பிடிச்சவை எண்டு கேட்டு வாங்கோ" என்றாய்.

முழு வரியையும் கட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் என் சொந்தக் கணக்கில் இருந்து ஏழாயிரத்துச் சொச்சம் எடுத்து ஒரு கடித உறையில் போட்டு, "இந்தா, உன்ர நட்டத்தால வரி குறைஞ்ச காசு" என்று தந்தேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் பார்த்திருக்கிறேன் பார். சில்லறைகூட வைத்தேன், உண்மையாகத் தெரியட்டும் என்று.

நீ உனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் எனக்கு ஒரு சேட் வாங்கி வந்தாய். அந்தக் கறுத்த விரல்களால் கொலரைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களோ, நட்டத்துக்கும் ஒரு மரியாதை இருக்கு" என்றாய். பிறகு அதை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய். உன் பேச்சைக் கேட்டு எழுதியவர்களுக்கு நன்மை கிடைத்தது. உன் நட்டத்தை மட்டும் யாரும் எழுதவில்லை.

உன்னை அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்கு வாடகை வான் பிடித்துக் கொண்டுபோன நாளில், முருங்கன் ஊரைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தாய். வலியில் இருந்தாய். ஏதோ துஆ கேட்கப்போகிறாய் என்று குனிந்தேன்.

"அந்த ஆறு வருசம் இன்னும் முடியேல்லத்தானே?"

"இல்ல."

"மிச்சத்தையும் மறக்காமல் கழியுங்கோ. நான் இல்லாட்டியும்."

"இன்ஷா அல்லாஹ்" என்றேன். படைத்தவன் பெயரையும் இழுத்துவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாகப்போகிறவளுக்கு ஏன் வேதனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய், அதுவும் பொய். நீ என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்றுதான் பயந்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் அந்தக் கணக்காளருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொல்லி, இப்போது திருத்த முடியுமா என்று கேட்டேன். "அந்த வருசத்துக் கணக்கு மூடியாச்சு சேர். இனிக் கஷ்டம். நீங்கதானே லாபம் எண்டு சொன்னீங்கள்?" என்றார். ஓம், நான்தான் சொன்னேன். உன் ஆறு வருடக் கணக்கு இந்த வருடத்தோடு முடிகிறது.

சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டுப் பேசாலைக்கு பஸ் ஏறினேன். அந்தப் பெண் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கோ சேர், இருங்கோ" என்று கதிரை எடுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூரை, மேசை, கோழிக்காரரைப் பார்த்துச் சிரித்தது, கடித உறை, சேட். அவள் புருஷனும் வலையை விட்டுவிட்டு வந்து கேட்டுக்கொண்டு நின்றான். நட்டத்தை எழுத வெட்கப்பட்டவன்தான், ஆனால் அவன் பெண்சாதி சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் முடித்தபிறகு அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நீ சிரித்ததை நினைத்தாளோ என்னவோ, கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ஏன் சேர் சொல்லுறீங்கள்? ராத்தாவுக்கெல்லோ சொல்லியிருக்கோணும்."

பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்க அந்தக் கேள்வியோடுதான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் கொப்பியை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதத் தொடங்கினேன். நூல் கட்டு அப்படியே இருக்கிறது, ஒருவரும் அவிழ்க்கவே இல்லை. இன்றைக்குத்தான் நான் அவிழ்த்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். ஒரு சதம் பிழையில்லை.

உன் நட்டம் உண்மையாக நடந்தது. பாதிக்குமேல் என் சோம்பலால் நடந்தது. அதை உலகத்தில் இல்லாமல் செய்தவனும் நான்தான். மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. மையவாடியில் உன்னை அடக்கிய இடத்துக்கு வரும்போதெல்லாம் ஸலாம் சொல்லிவிட்டு அவசரமாகத் திரும்பிவிடுவேனே, அது ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இளநீலச் சேட்டைத் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறேன். உன் மடிப்புப் போய்விட்டது. எனக்கு வந்த மாதிரி இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு போகப்போகிறேன். அன்றைக்குத்தான் அந்தச் சாப்பாட்டு அறை மேசையில் இந்த வருடப் படிவம் நிரப்புகிறார்கள். கொப்பியையும் கொண்டுபோகிறேன். எழுத இடம் இல்லாவிட்டாலும் எல்லோர் முன்னாலும் மேசையில் எடுத்து வைப்பேன். சேட்டைப் பற்றி யாராவது கேட்டால், என் பெண்சாதி வாங்கித் தந்தது, என் பொய்க் காசு என்று தெரியாமல் வாங்கித் தந்தது என்று சொல்லுவேன்.