மனுவில் கேட்காமல் விட்டது

முத்தாபுதுப்பேட்டை
22-11-98

அன்பு மகள் ஞானகுமாரிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும், உன் அண்ணி வசந்தகுமாரியும் பாப்பாவும் இங்கே இருக்கிறோம். அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம். போன கடிதத்தில் நான் எழுதியது தலைகால் புரியவில்லை என்று போனில் சொன்னாய், அதனால் இந்தமுறை குறிப்பு போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

1. அம்மாவின் கால் புண்.
2. திருவள்ளூர் நுகர்வோர் மன்றத்தில் பேங்க் மேல் போட்ட வழக்கு.
3. மனுவில் பிடித்த கட்டணத்தை மட்டும் திருப்பிக் கேட்டது ஏன் சரி என்பது.
4. வசந்தா என்னோடு பேசாமல் இருப்பது.

அம்மாவின் கால் புண் இன்னும் ஆறவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டு மாற்றுகிறோம், விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார், நான் அவளிடம் சொல்லவில்லை, போனில் நீயும் வாய்தவறிச் சொல்லிவிடாதே. கல்லறைத் திருநாளுக்குக்கூட அவளால் வர முடியவில்லை. மழையில் மண் இறங்கி உன் அண்ணன் டேவிட்டின் சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, நானும் வசந்தாவும் அடியில் செங்கல் கொடுத்து நிமிர்த்திவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம், காற்றில் நிற்கவில்லை.

இனி வழக்கு. அண்ணன் அடக்கத்துக்கு நீ வந்து நான்கு நாளில் திரும்பிவிட்டாய், அப்போது இதையெல்லாம் பேசும் நிலையில் யாரும் இல்லை, பிறகு நான் துண்டு துண்டாக எழுதியதில் உனக்குக் குழப்பம்தான் மிஞ்சியிருக்கும், ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். டேவிட்டுக்கு அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறையில் சம்பளம் ஒரு மாதம் வந்தால் ஒரு மாதம் வராது. அதனால் அவன் இன்சூரன்ஸ் பிரீமியத்தை என் பென்ஷன் கணக்கிலிருந்து நான்தான் செக் எழுதிக் கட்டி வந்தேன். பென்ஷன் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை என்று கணக்குத் திறந்த அன்றே பேங்கில் சொல்லியிருந்தார்கள். செக் புத்தகம் வாங்கியவர்களுக்கு மட்டும் அதைப் பிறகு மாற்றி, எங்கோ ஒரு போர்டில் இங்கிலீஷில் ஒட்டினார்களாம். எனக்கு யாரும் ஒரு வரி எழுதவில்லை. போன வருடம் ஜூனில் செக் போட்டபோது பிரீமியம் போக ஏழு ரூபாய் மிச்சம் இருந்தது. அந்தச் செக் பேங்குக்கு வருவதற்குள் இருப்பு குறைவு என்று நாற்பத்தைந்து ரூபாய் பிடித்துவிட்டார்கள், அதனால் முப்பத்தெட்டு ரூபாய் பற்றாமல் செக் திரும்பிவிட்டது. திரும்பியதற்கும் தொண்ணூறு ரூபாய் பிடித்தார்கள். புது விலாசம் எழுதிக் கொடுத்திருந்தும் அந்தத் தகவலைப் பழைய பாக்டரி குவார்ட்டர்ஸ் விலாசத்துக்கே அனுப்பினார்கள், பாலிசி காலாவதியானது எங்களுக்குத் தெரியாது. ஆகஸ்டில் பட்டாபிராம் ரோட்டில் லாரி மோதி அவன் போன பிறகு, ஐம்பதாயிரம் பாலிசிக்குப் பணம் கேட்டு வசந்தா இன்சூரன்ஸ் ஆபீசில் போய் நின்றபோதுதான் இல்லை என்று சொன்னார்கள்.

மேனேஜரிடம் நான் மூன்று முறை போனேன், ரூல்படிதான் பிடித்திருக்கிறது பெரியவரே என்பதற்கு மேல் பேச்சில்லை. நுகர்வோர் மன்றத்தில் வக்கீல் வைக்க வேண்டாம், நாமே எழுதிக் கொடுக்கலாம் என்று படித்துத்தான் மனு கொடுத்தேன். விசாரணை போன செவ்வாய்க்கிழமை. ஆவடி ஸ்டேஷனில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கும் ஜம்புலிங்கம் என்னைப் பார்த்து, இன்னா பெருசு, நூத்தி முப்பத்தஞ்சு ரூபாய்க்கு ரயிலேறிகினு கோர்ட்டுக்குப் போறியாமே, அந்த வக்கீலு டீ குடிக்கிற துட்டு நைனா அது என்று எல்லோரும் கேட்கச் சிரித்தான். எனக்குத் திரும்பிவிடலாம் போல இருந்தது. கூட வந்த வசந்தாதான் முன்னால் நடந்து போய் டிக்கெட் எடுத்தாள்.

அவன் கேட்டதையே நீயும் கேட்பாய் என்பதால் மூன்றாவது குறிப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். கட்டணம் பிடித்தது பாஸ்புக்கில் இருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. பாலிசித் தொகையையும் கேட்டிருந்தால் சும்மா விடுவார்களா. ஏழு ரூபாய் மட்டும் மிச்சம் வைத்து ஏன் செக் எழுதினாய் என்பார்கள், போர்டை நீ பார்க்காதது யார் குற்றம் என்பார்கள், செக் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை விசாரித்திருக்கக் கூடாதா என்பார்கள், லாரி மோதியதற்கு பேங்க் என்ன செய்யும் என்பார்கள். எதற்கும் என்னிடம் உறுதியான பதில் கிடையாது. பெரிதாகக் கேட்டு இருப்பதையும் கெடுத்துக்கொள்ளாமல், கட்டணம் பிடித்தது தவறு என்று மட்டும் முதலில் தீர்ப்பு வாங்கிக்கொண்டால் மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

மன்றத்தின் தலைவர் நல்ல மாதிரி, என்னை உட்காரச் சொன்னார். மனுவைப் படித்துவிட்டு, பெரியவரே, இந்தச் செக் திரும்பியதில் உங்களுக்கு வேறு ஏதாவது நஷ்டம் உண்டா என்று கேட்டார். நான் பாக்டரியில் முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன், வரைபடத்தில் போடாத அளவை நாங்கள் தொட மாட்டோம், யார் கேட்டாலும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். மனுவில் எழுதாததைச் சொல்லக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. இல்லை ஐயா என்று சொல்லிவிட்டேன். அவர் மனுவை இன்னொருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு ஜனவரிக்குத் தள்ளிவைத்து, சேர்க்க வேண்டியது இருந்தால் அதற்குள் எழுதிக் கொடுங்கள் என்றார்.

வெளியே வராந்தாவில் பேங்க் வக்கீல் ராஜசேகரன் தோளில் கை போட்டார், நூத்தி முப்பத்தஞ்சுதானே சார், இந்தாங்க இப்பவே வாங்கிக்குங்க, புகார் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா சாப்பாட்டு நேரத்துக்கு ரெண்டு பேருமே வீட்டுக்குப் போயிடலாம் என்றார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். அப்போது வசந்தா, பேனாவ உள்ள வைங்க மாமா என்றாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வேற நஷ்டம் உண்டான்னு அவரு கேட்டாரே, இல்லைன்னு சொன்னீங்களே, தாலி இல்லாத கழுத்தோட உங்க பின்னாலதானே உக்காந்துகினு இருந்தேன், ஒரு தரம் திரும்பிப் பாத்தீங்களா என்று கேட்டாள். வக்கீல் ரூபாயை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அம்மாவைக் கட்டு மாற்றக் கூட்டிப்போகிறாள், எனக்கு நேரத்துக்குச் சோறு வைக்கிறாள், ஆனால் தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு என்று பாப்பாவிடம்தான் சொல்கிறாள். தைமாதம் முதல் அம்பத்தூரில் துணி ஏற்றுமதிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாளாம், கொரட்டூரில் அவள் அக்கா வீட்டிலேயே குழந்தையோடு தங்கிக்கொள்கிறாளாம், அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் போனால் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, எனக்காகப் பரிந்து எழுத வேண்டாம், அவளை விசாரித்து எழுது.

வெயிலில் அலையாதே, நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பாப்பாவின் பிறந்தநாள் டிசம்பர் பத்து, மறக்காமல் போன் செய்.

உன் அன்பு அப்பா,
ஆரோக்கியசாமி

ஞானா, உறையை ஒட்டும் முன் வழக்கம்போல் ஒருமுறை படித்துப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பில் நான் எழுதியிருப்பது எல்லாம் பேங்க் வக்கீல் சொல்ல வேண்டியவை. அவர் அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை, அவருக்காக நானே யோசித்து, நானே கேட்டு, நானே தோற்றிருக்கிறேன். அந்தக் குறிப்பை மட்டும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பேங்க்காரன் பணத்த எடுக்கறப்ப பயப்படல, நீங்க கேக்கறதுக்குப் பயந்துகினு கீறீங்க என்றாள். டேவிட்டுக்கு ஒரு தொகை போட்டுக் கேட்க எனக்குக் கை வரவில்லை என்பதுதான் உண்மை, அதைச் சட்டக் காரணமாக மாற்றி எழுதிக்கொண்டேன். நாளை காலையில் வசந்தாவிடம் போய், புது மனுவில் முதல் பெயராக அவள் கையெழுத்துப் போடுவாளா என்று கேட்கப் போகிறேன். என்ன சொல்வாளோ தெரியாது. மூன்றாவது குறிப்பு தவறு ஞானா.